கழுத்துல கொஞ்சம் பிடிக்கணும்

“கத்தியா, மெஷினா? எது சீக்கிரம் முடியும், அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்” என்றார் டெய்லர்.

டாக்டரம்மா அவருடைய தாடைக்குக் கீழே தொங்கிய தோலை இரண்டு விரலால் பிடித்து இழுத்து, பிறகு விட்டார். அது எந்த அவசரமும் இல்லாமல் மெதுவாகப் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்தது.

“ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கா?”

“வயசானதுல இருந்து. எங்கப்பாவுக்கும் அச்சு அசல் இதே கழுத்துதான்.”

“பரம்பரையா வர்றதுதான்” என்று எழுதிக்கொண்ட டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். மெஷின் என்றால் தோலுக்கு அடியில் சூடு கொடுப்பார்கள். வெட்டு, தையல் எதுவும் கிடையாது, அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதுவும் லேசாகத்தான் தெரியும்.

ஆபரேஷன் என்றால் காதுக்குப் பின்னால் கீறி, தோலை இழுத்து, மிச்சத்தை வெட்டித் தைப்பது. வீக்கம் வடிந்ததும் கழுத்து நன்றாகவே வந்துவிடும். தழும்பு மட்டும் இருக்கும்.

“புரியுது. மெஷின்னா இஸ்திரி, ஆபரேஷன்னா ஆல்டர்” என்றார் டெய்லர். “தொளதொளன்னு இருக்கிற சட்டையை எவ்வளவு தேய்ச்சாலும் அளவு குறையாது. பேசாம பிடிச்சுத் தைச்சிடுங்க.”

“உங்களுக்குச் சர்க்கரை இருக்கு சார். புண் ஆற நாளாகும். என்னைக் கேட்டா மெஷினே போதும். இப்ப என்ன அவசரம்?”

டெய்லர் நாற்காலியில் நெளிந்தார். “வீட்டுல ஒருத்தி இருக்கா. அவளுக்காகத்தான். மெஷின்னா மாசக்கணக்குல ஆகும்னீங்களே, அதுவரைக்கும் அவ எனக்காகக் காத்திருக்கணுமே.”

டாக்டரம்மாவின் பேனா நின்றது. மூலையில் பஞ்சு மடித்துக்கொண்டிருந்த நர்ஸ், மடித்த பஞ்சையே மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

டெய்லர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தார். சுருட்டை முடியும் விறைப்பான காலருமாக ஓர் இளைஞன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான். “இப்படி வரணும்” என்றார்.

“யார் இது?”

“நான்தான்.”

டாக்டரம்மா போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “இவ்வளவெல்லாம் வராது.”

“கழுத்து மட்டும் வந்தா போதும். தலைக்கு நான் மை அடிச்சுக்குவேன். ஆனா கட்டோட வீட்டுக்குப் போனா அவ பயந்துடுவா, அதுக்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்க.”

தொழில் வேறு, வம்பு வேறு என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “அந்தப் பொண்ணு உங்ககிட்ட எப்படிப் பழகுறா?”

“ரொம்ப மரியாதை, டாக்டர். நான் உள்ளே நுழைஞ்சா எழுந்து நின்னுடுவா. என் முன்னாடி உட்கார்ந்து சாப்பிட மாட்டா. டீயைக் கொண்டுவந்து வெச்சுட்டு அந்தப் பக்கம் ஓடிடுவா.”

“கோவிச்சுக்காதீங்க சார். இந்த மாதிரி விஷயத்துல இவ்வளவு மரியாதை நல்ல அறிகுறி இல்லை.”

“அதுதானே என் பிரச்சினையே!” சொல்லும்போது டெய்லருக்குக் கண் கலங்கிவிட்டது.

டாக்டரம்மாவுக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இந்த வயதில் இந்த ஆளுக்கு வந்த ஆசையைப் பார் என்று நினைத்தார். அதை மறைக்கவும் அவர் பெரிதாக மெனக்கெடவில்லை.

“உங்களுக்கு மனைவி இருக்காங்களா?”

“இருக்கா.”

“இப்படி ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். ‘சரிங்க’ன்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டா.”

“ஐயோ பாவம்” என்றாள் நர்ஸ், பஞ்சைப் பார்த்து.

“டாக்டர், அது வந்து…” என்று டெய்லர் இழுத்தார்.

“ஒண்ணும் வர வேண்டாம்.” டாக்டரம்மா ஃபைலைப் பட்டென்று மூடினார். “கத்தியும் கிடையாது, மெஷினும் கிடையாது. உங்க மனைவி வந்து என் முகத்துக்கு நேரா சம்மதம்னு சொல்லட்டும். அப்புறம் பார்க்கலாம்.”

“வெளியேதான் உட்கார்ந்திருக்கா.”

கூடவே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார், என்ன நெஞ்சழுத்தம்! டாக்டரம்மா கதவைக் காட்டினார். நர்ஸ் பஞ்சை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

கைத்தாங்கலாக அவள் அழைத்து வந்த அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. யாரோ பார்த்துப் பார்த்து வாரிவிட்ட மாதிரி வகிடு நேராக இருந்தது. உள்ளே வந்ததும் டெய்லரிடமிருந்து தள்ளி, சுவரோரமாகத் தலையைக் குனிந்து நின்றுகொண்டாள்.

“இவதான் டாக்டர் என் மனைவி” என்றார் டெய்லர்.

டாக்டரம்மா குரலை மென்மையாக்கிக்கொண்டார். “அம்மா, பயப்படாம சொல்லுங்க. உங்க வீட்டுக்காரர் கழுத்துல ஆபரேஷன் பண்ணிக்கணும்னு வந்திருக்கார். உங்களுக்குச் சம்மதமா?”

வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்றதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். கதவுக்கு வெளியேயும் எட்டிப் பார்த்தாள். பிறகு கூச்சத்தை அடக்கிக்கொண்டு, டெய்லரை நிமிர்ந்து பார்க்காமலே மெதுவாகக் கேட்டாள்.

“மாமா, உங்க பையன் இன்னும் வரலையா?”