நாலாவது ஆள்

"ஏனுங்க, இன்னிக்கும் அந்த மனுசனைக் காணோம் பாருங்க!"

முன் சீட்டில் இருந்த வாசுகி வாட்ச்சைப் பார்த்தாள். எட்டு மணிக்குக் குன்னூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி. மணி ஏழே கால்.

அவள் கணவன் விஜயன் ஹாரன் அடித்தான். எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துச் சந்திலிருந்து வீரையா ஆடி அசைந்து வந்தார். காலெல்லாம் சேறு.

"என்ன சார், மகாராணி இன்னிக்கும் எழுந்துட்டாங்களா?"

மகாராணி என்றது காரை. பதினாலு வருஷத்து ஹைப்ரிட்.

"பாதி பேட்டரி, பாதி பெட்ரோல்னு சொன்னீங்க. அப்ப நாங்க எறங்கித் தள்ளுறது எந்தக் கணக்குல சார்?"

பின் சீட்டில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்த புஷ்பவல்லி டீச்சர் சிரித்துவிட்டார். வாசுகி சிரிக்கவில்லை. சீட் விரிப்பில் அப்பிய சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எஸ்டேட் கேட்டில் வாட்ச்மேன் மாரப்பன் குனிந்து தலைகளை எண்ணினார். "நாலு. போலாமுங்க."

எஸ்டேட் வழியாகப் போனால் குன்னூர் அரை மணி. மெயின் ரோடு என்றால் ஒன்றேகால் மணி. புகை குறைவு என்று எப்போதோ ஒரு மேனேஜர் இந்தக் காருக்குக் கொடுத்த பாஸ். அதிலும் ஒரு கண்டிஷன்: ஓட்டுகிறவரையும் சேர்த்து நாலு பேர் இருந்தால்தான் கேட் திறக்கும். புது வண்டி எதற்கும் இப்போது பாஸ் கிடையாது.

அன்று சாயங்காலம் வாசுகி பிடித்துக்கொண்டாள்.

"இந்த மழைக்குப் பேட்டரி தாங்காதுன்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. சனிக்கிழமையோட எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும் முடியுது. எப்பத்தான் மாத்துவீங்க?"

"மாத்தினா பாஸ் போயிருமே."

"போகட்டும். நேரத்துல எந்திரிச்சுக் கிளம்பினாப் போச்சு. டீச்சரும் சரின்னுட்டாங்க."

"நமக்குச் சரி. வீரையாண்ணன்? மெயின் ரோட்டுல போனா அவர் லயத்துப் பக்கமே போக முடியாது. தேயிலை விலை கெடக்கிற கெடப்புல, ஒரு நாள் லேட்டாப் போனாலும் குன்னூர் ஃபேக்டரியில வேற ஆளைப் போட்டுருவாங்க." விஜயன் காபியை ஒரு வாய் குடித்தான். "நம்ம புண்ணியத்துல ஒரு குடும்பம் சாப்பிடுது வாசுகி."

"தெனமும் லேட்டு. சேறு. போதாததுக்கு நக்கல் வேற. உதவி வாங்குறவர் மாதிரியா இருக்காரு?"

"உதவி பண்றவன் அதையெல்லாம் பார்க்கக் கூடாது" என்றான் விஜயன், கொஞ்சம் பெருமையாகவே.

வெள்ளிக்கிழமை மகாராணி ஏற்றத்தில் நின்றுவிட்டது. வாசுகியும் டீச்சரும்கூட இறங்கித் தள்ளினார்கள். வாசுகி வார்டுக்குள் நுழையும்போது எட்டரை. ராத்திரி டியூட்டி பார்த்த பெண் வீட்டுக்குப் போக முடியாமல் நின்றிருந்தாள். அன்று ராத்திரி விஜயன் வண்டியை மாற்றச் சம்மதித்தான்.

சனிக்கிழமை காலை அவன் தனியாக லயத்துக்குப் போனான். வாசலில் நின்றிருந்த வீரையாவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணே, தப்பா நினைச்சுக்காதீங்க. வண்டியை இன்னிக்கு மாத்துறேன். திங்கக்கிழமையிலிருந்து மெயின் ரோடுதான். உங்க வேலைக்கு இடைஞ்சல் வரக் கூடாதுன்னுதான் இத்தனை நாள் இழுத்துப் புடிச்சேன்..."

வீரையாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் தூக்கி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

"சந்தோசம் சார்! ரொம்பச் சந்தோசம்!"

விஜயனுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப ஃபேக்டரிக்கு எப்படிப் போவீங்க?"

"அங்க ஆள் கொறச்சதுல என்னைய நிறுத்தி நாலு மாசமாச்சே சார்!"

"அப்புறம் எதுக்குண்ணே தெனமும் வண்டியில ஏறுனீங்க?"

"நாலாவது ஆள் இல்லாட்டி மாரப்பன் கேட்டைத் தொறக்க மாட்டானே? சிஸ்டர் டியூட்டிக்கு லேட்டாப் போனா நோயாளிங்க பாவமில்லையா?" வீரையா ஸ்வெட்டர் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டார். "குன்னூர்ல எறங்கி, பஸ் புடிச்சுத் திரும்பி வர்றதுக்குள்ள தெனமும் பத்து மணி ஆயிருது சார். இப்ப எனக்கு வேலை, இந்தா, நம்ம லயத்துக்குப் பின்னாடி இருக்கே, அந்தக் கேரட் தோட்டத்துல!"