இன்னும் கொஞ்சம் கொடுமை

"இந்தக் கொடுமை போதாது, தம்பி. இன்னும் கொஞ்சம் சேர்த்து எழுது" என்றார் ஹுர்ரியத்.

இல்ஹோம் பேனாவை மேசைமேல் போட்டான். தாஷ்கந்தில் மூன்று ஆண்டுகளாக ஒளிபரப்பாகிவரும் தொடரின் வசனகர்த்தா அவன். அத்தொடரில் மாமியாராக நடிப்பவர் ஹுர்ரியத்.

"அக்கா, போன வாரம்தான் மருமக தலையில கொதிக்கிற டீயை ஊத்தாத குறை. அதுக்கு மேல என்ன செய்யணுங்கிறீங்க?"

"அவளைப் பெத்தவ ரொம்பத் தூரத்துலேருந்து வரணும். துணியில பதீர் ரொட்டி கட்டிக்கிட்டு வரணும். நான் வாசல்லயே மூட்டையை வாங்கிக்கிட்டு, 'உன் பொண்ணு வீட்டுல இல்லை'ன்னு சொல்லணும். பொண்ணு உள்ளேதான் மாவு பிசைஞ்சுக்கிட்டிருக்கா. அப்புறம், அந்தத் துணியை வெறுமையா மடிச்சு அவ கையிலயே கொடுத்துடணும்."

"வெறுமையாவா? நம்ம ஊர்ல பகையாளிகூட வெறும் தட்டைத் திருப்பித் தரமாட்டான், ரெண்டு கற்கண்டாவது போட்டுத்தான் தருவான். இதை யாரு நம்புவாங்க, அக்கா?"

"நம்புவாங்க. நீ எழுது."

இல்ஹோமுக்கு எரிச்சல் மூண்டது. தொடருக்கு விளம்பரம் கொடுக்கும் தேயிலை நிறுவனம், ஹுர்ரியத்தின் முகத்தைத் தன் பொட்டலத்தில் அச்சிட முன்வந்திருந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அந்த மாதத்துக்குள் மாமியார் திருந்திவிட வேண்டும்.

"நீங்க திருந்துற காட்சியை எழுதியே வெச்சுட்டேன். அழுதுக்கிட்டே மருமகளைக் கட்டிப்பிடிக்கிறீங்க. பார்க்கிற சனம் உருகிடும்."

"திருந்தலாம், தம்பி. இப்ப என்ன அவசரம்?"

"டீக்காரங்களுக்கு அவசரம்!"

"அப்ப வேற முகத்தைத் தேடிக்கச் சொல்லு. தாஷ்கந்துல முகத்துக்கா பஞ்சம்?"

இருபத்தெட்டு ஆண்டுகள் நாடக மேடையில் கல்யாண விருந்தாளியாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் ஓரமாக நின்றவர் ஹுர்ரியத். ஐம்பத்தாறு வயதில்தான் ஊரறிந்த முகமானார். வசவால் வந்தாலும் புகழ் புகழ்தானே, அதை இழக்க அவருக்கு மனம் வரவில்லை என்று முடிவு கட்டினான் இல்ஹோம். அவர் கேட்டதை வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தான்.

வியாழக்கிழமை அக்காட்சி ஒளிபரப்பாயிற்று.

வெள்ளிக்கிழமை சந்தையில் தக்காளிக்காரி ஹுர்ரியத்துக்கு முதுகைக் காட்டினாள். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், "உங்களை ஏத்தினா எங்கம்மா எனக்குச் சோறு போடமாட்டாங்க" என்று பாதி வழியில் இறக்கிவிட்டார். தேயிலைப் பொட்டலத்தில் வேறொரு நடிகை சிரித்தாள்.

"நிம்மதியா?" என்றான் இல்ஹோம்.

"இன்னும் இல்லை" என்றார் அவர்.

ஒரு மாதம் சென்றது. படப்பிடிப்பு முடிந்து இருவரும் வெளியே வந்தபோது, வாயிலில் ஒரு பெரியம்மா இடுப்பில் கை வைத்தபடி நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், தலையில் பூத்துணி கட்டிய இளம்பெண் ஒருத்தி.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன்னை நாலு கேள்வி கேட்கத்தான் பர்கென்ட்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்!"

ஹுர்ரியத் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தினார். "கேளுங்க, அக்கா."

"பெத்தவ பாய்சுன்லேருந்து ராத்திரி முழுக்க ரயில்ல வந்து வாசல்ல நிக்கிறா. வெறும் துணியைக் கொடுத்து விரட்டுறியே, உன் கை விளங்குமா? கல்லுகூடக் கரைஞ்சிருக்குமேடி!"

'பாய்சுனா? நான் எழுதினதுல ஊர்ப் பேரே இல்லையே' என்று இல்ஹோம் குழம்பினான்.

"தப்புதான், அக்கா."

"தப்புன்னா போச்சா? சம்பந்தியை எப்படி நடத்தணும்னு என் வீட்டுல வந்து பாரு. இந்த மாசம் வந்தாங்க. ஒன்பது நாள் தங்காம விடமாட்டேன்னுட்டேன். போறப்போ ஒத்தைத் துணியா, ரெண்டு துணி நிறையக் கட்டிக் கொடுத்தேன். கேளு, என் மருமகளையே கேளு!"

"ஆமாம், அத்தை" என்றாள் அந்தப் பெண்.

"கேட்டுக்கிட்டியா? இனிமேலாவது மனுஷியா இரு!"

பெரியம்மா விடுவிடுவென்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். மருமகள் ஒரு கணம் பின்தங்கினாள். நெஞ்சில் கை வைத்து, புது மணப்பெண் குனிவதைப் போல ஹுர்ரியத்தின்முன் ஆழக் குனிந்து நிமிர்ந்தாள். பிறகு மாமியாரைத் தொடர்ந்து ஓடினாள்.

இல்ஹோமுக்கு ஆறவில்லை. "எழுதினது நான், வசவு உங்களுக்கா? இவன்தான் எழுதினான்னு என்னைக் கைகாட்டியிருக்கலாமே!"

"எழுதினது நீ இல்லையே, தம்பி."

ஹுர்ரியத் கைப்பையைத் திறந்தார். உள்ளே கடித உறைகள் அடைந்து கிடந்தன. அவற்றுள் ஒன்றைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினார். பர்கென்ட் அஞ்சல் முத்திரை. அக்காட்சி ஒளிபரப்பாவதற்கு ஐந்து வாரம் முந்திய தேதி.

'அன்புள்ள அக்கா, என் மாமியார் உங்கள் தொடரை ஒரு நாளும் தவறவிடுவதில்லை. உங்களைத் திட்டாமல் தூங்குவதுமில்லை. என் அம்மா பாய்சுனிலிருந்து வந்து, வாசலோடு, வெறும் துணியுடன் திரும்பிப் போனாள். நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இதை நான் கேட்டால் சண்டைதான் வரும். நீங்கள் ஒரு முறை செய்து காட்டுங்கள். அவர் உங்களை வாயாரத் திட்டுவார்; அப்படித் திட்டிய பிறகு, அதையே மறுபடியும் செய்ய அவருக்குக் கை வராது.'