களத்து ஓரப் பூசணி

"ஏ மனுஷா, அவர்கிட்ட மட்டும் பாம்பரைப் பத்தி வாயைத் திறந்தே, இந்தக் கல்யாணம் அவ்வளவுதான்!"

அடுப்படியிலிருந்து மனைவி லாரிசா கிசுகிசுத்தாள். மிரோன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

மகள் யாரினா அமெரிக்காவுக்கு வேலைக்குப் போனவள், அங்கேயே ஒரு பையனைப் பிடித்துவிட்டாள். இப்போது பையனின் அப்பா வெர்னன் அவளோடு உக்ரைனுக்கே வந்து, முற்றத்தில் உட்கார்ந்து மூன்றாவது கிண்ணம் பூசணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார். ஏதோ அரசாங்க ஆபீஸில் போட்டோ பார்க்கிற வேலையாம், இப்போது ஓய்வாம். பரம சாது.

மிரோன் வேலை பார்த்ததோ ஊருக்கு வெளியே இருந்த சோவியத் விமானதளத்தில். அமெரிக்கா வரை பறந்து அணுகுண்டு போடக்கூடிய பாம்பர்களுக்கு மெக்கானிக். நாடு உடைந்தது. விமானங்களை வெட்டிக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையை யார் வெட்டுவது? அது அப்படியே கிடந்தது.

சாப்பிட்டதும் வெர்னன் காலாற நடக்கக் கிளம்பினார். நேரே அங்கேதான் போனார்; மிரோனும் யாரினாவும் கூடவே போனார்கள். ஓடுபாதை நெடுக ஊர்க்காரர்கள் கோதுமை காயப் போட்டிருந்தார்கள்.

"இவ்வளவு பெரிய சிமென்ட் தரை எதுக்குன்னு கேக்கறார்ப்பா," என்றாள் யாரினா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"களம்னு சொல்லு. தானியம் காயப் போட கூட்டுப்பண்ணை கட்டினது."

"மூணு கிலோமீட்டருக்கா?"

"அந்தக் காலத்து விளைச்சல் அப்படி!"

"ரெண்டு பக்கமும் விளக்கு வெச்சிருக்காங்களே, அது?"

"ராத்திரி கோதுமை திருட்டுப் போகாம இருக்க. அதிகமாப் பேசாதடி, மொழிபெயர்!"

வெர்னன் அத்தனைக்கும் மரியாதையாகத் தலையசைத்தார். மிரோனுக்கு வியர்த்தது. இவ்வளவு நல்ல மனிதரிடம் புளுகுகிறோமே என்று மனசு உறுத்தியது. ஆனால் மகள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை. அதைக் கெடுக்க மனம் வரவில்லை. பேச்சை மாற்ற, ஓடுபாதை ஓரத்துப் பூசணிக் கொடிகளைக் காட்டினார்.

"சம்பந்தி குடிச்ச கஞ்சி இதுலதான்னு சொல்லு. எண்பதிலேர்ந்து விடாமப் போடறேன்."

வெர்னன் சட்டென்று நின்றார்.

"இதே இடத்துலயான்னு கேக்கறார்ப்பா."

"இதே இடம்தான். பறிச்சு வரிசையா அடுக்கி, பண்ணை அதிகாரி கண்ணுல படாம மேல வலை போட்டு மூடி வெப்பேன்."

அதைக் கேட்டதும் வெர்னன் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யாரினாவிடம் நீளமாக என்னவோ சொன்னார். அவள் வாயைப் பிளந்தாள்.

"என்னடி? கண்டுபிடிச்சுட்டாரா? கல்யாணம்?"

"நாள் குறிக்கச் சொல்றார்ப்பா. அவர் ஆபீஸ்ல பார்த்ததெல்லாம் செயற்கைக்கோள் எடுத்த போட்டோவாம். இந்த ஓடுபாதை ஓரத்துல வலைக்கு அடியில உருண்டை உருண்டையா ஒளிச்சு வெச்சிருந்தது ரஷ்யாக்காரனோட புது குண்டுன்னு எழுதிக் கொடுத்துதான் அவருக்குப் புரமோஷனே கிடைச்சுதாம். உங்க மாப்பிள்ளை காலேஜ் படிச்சதே உங்க பூசணிக்காய்லதானாம்!"