சாட்சிக்கு நாலு பேர்

"மீன் ஆறிப்போச்சு. கொண்டுபோய்ச் சூடு பண்ணி எடுத்துட்டு வா."

சாய்மஞ்சத்தில் படுத்தபடியே தியோனே தட்டைத் தள்ளினாள். ரோமில் அன்று ஜூனோ தேவியின் பண்டிகை. விருந்துக்கு வந்திருந்த மூன்று பக்கத்து வீட்டுப் பெண்களும் வழக்கறிஞர் செர்வியுஸும் சிரித்தார்கள்.

பரிமாறிக்கொண்டிருந்த லெபிடா தட்டைத் தொடவில்லை. "எடுக்கறேன். முதல்ல என்னை விடுதலை பண்ணுங்க, எஜமானி."

"ஓஹோ. பதினாலு வருஷம் என் ரொட்டியைத் தின்னுட்டு இப்ப விடுதலை கேக்குதா? உன்னை மாதிரி ஆளுங்க அடிமையாவே பிறந்தவங்க. இயற்கை அப்படி."

"இயற்கையா? பிரசவ வலி உங்களுக்கு ஒரு மாதிரி, எனக்கு ஒரு மாதிரியா வருது?"

பெண்கள் கைதட்டினார்கள். லெபிடாவின் முகம் மலர்ந்தது. வாதத்தில் தோற்பது அவளுக்கு என்றுமே பிடிக்காது.

"கெஞ்சறது வாதம் ஆகாதுடி," என்றாள் தியோனே. "'நான்', 'எனக்கு'ன்னு அழாம, இந்த வீட்டு அடிமையைப் பத்திப் பொதுவா பேசு. செர்வியுஸ் ஐயா தீர்ப்பு சொல்லட்டும்."

லெபிடா நிமிர்ந்து நின்றாள். "இந்த வீட்டு அடிமை சுதந்திரமாத்தான் பிறந்தா. அவளை அடிமை ஆக்கினது ஊர்ச் சட்டம், இயற்கை இல்ல. அவளைப் பிடிச்சு வைக்க யாருக்கும் உரிமை கிடையாது."

இத்தனை நாள் இந்தச் சொற்கள் தனக்குள் எங்கே ஒளிந்திருந்தன என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"அதுக்கு என்ன செய்யணுங்கறே?" தியோனேயின் குரல் தணிந்திருந்தது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இந்த நிமிஷத்திலேர்ந்து அவ சுதந்திரமானவ. இங்க இருக்கிற நாலு பேரும் சாட்சி."

செர்வியுஸ் தாடையைத் தடவினார். "வாதத்துல ஓட்டை இல்ல. பத்திரம்கூட வேண்டாம். உரிமைக்காரங்க நண்பர்கள் முன்னால வாயால சொன்னாலே போதும்."

"அப்ப நான் தோத்துட்டேன்," என்றாள் தியோனே.

லெபிடா வெற்றியோடு சுற்றிலும் பார்த்தாள்.

தியோனே மஞ்சத்திலிருந்து இறங்கி, அவள் முன் தலை குனிந்தாள். "உரிமைக்காரங்க வாயாலயே சொல்லியாச்சு, ரொம்ப நன்றி, எஜமானி. இந்த ஒரு நாள் மட்டும் எஜமானிங்க அடிமையா நின்னு அடிமைங்களுக்குப் பரிமாறணும்னு வழக்கம் வெச்ச புண்ணியவான் நல்லா இருக்கட்டும்."