பாயசம் முடியும்வரை

டின் அதிர்ந்தது.

அப்பளத்தை எண்ணெயிலிருந்து எடுத்தபடியே அவள் திரும்பிப் பார்த்தாள். பிரிட்ஜ் மேல் முறுக்கு டின். உள்ளே மூன்று போன்கள். அவளுடையது, மெர்லினுடையது, ராபியாவுடையது.

மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் இப்படித்தான். வந்ததும் போன் டின்னுக்குள் போய்விடும். பாயசம் குடித்து முடிக்கும்வரை மூடியைத் தொடக் கூடாது. தொட்டவள் மொத்தப் பாத்திரத்தையும் கழுவ வேண்டும்.

விதி போட்டவள் தமயந்தி.

இன்றைக்கு அவள்தான் வரவில்லை. தலைவலியாம்.

அடிப்பது மெர்லினின் போன். உப்பு டப்பா எங்கே என்று கேட்கத்தான் புருஷன் கூப்பிடுவார், தேடட்டும் என்றாள் மெர்லின். சிரித்தார்கள்.

ஓய்ந்தது.

உடனே ராபியாவின் போன். அவளும் அசையவில்லை. பாத்திரம் கழுவ அவளுக்கென்ன தலையெழுத்தா?

அதுவும் ஓய்ந்தது.

மூன்றாவதாக, அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த இவளுடையது.

இவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய் மூடிமேல் கை வைத்தாள். டின் உள்ளங்கையில் நடுங்கியது.

"தொடு, தொடு. சிங்க்ல கெடக்க பாத்திரமெல்லாம் ஒன்னையத்தான் பாக்குது" என்றாள் மெர்லின்.

கையை எடுத்துவிட்டாள்.

போன மாதம் கை கழுவும் இடத்தில் தமயந்தி இவளிடம் சொன்னாள். இருபது நாளாகத் தூக்கமில்லை, எதுவுமே வேண்டாம் போலிருக்கிறது என்று. வாக்கிங் போயேன் என்று இவள் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கூப்பிட நினைத்தாள். கூப்பிடவில்லை. தமயந்தி ஸ்டேட்டஸில் போட்ட படங்களுக்கெல்லாம் இதயம் மட்டும் போட்டாள்.

பாயசம் நன்றாக வந்திருந்தது. ராபியா இரண்டாவது டம்ளரும் கேட்டாள்.

பிறகு டின்னைத் திறந்தார்கள்.

மூன்று போனிலும் ஒரே பெயர். தமயந்தி.

ஆளுக்கு ஒரே ஒரு அழைப்பு. மணி ஒன்று பத்து, ஒன்று பதினொன்று, ஒன்று பன்னிரண்டு.

ராபியாவுக்குப் புரியவில்லை.

"இந்நேரம் நாம எடுக்க மாட்டோம்னு அவளுக்குத் தெரியாதாடி?"

தெரியும். நன்றாகத் தெரியும்.

இவள் திருப்பி அழைத்தாள். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. நின்றது. மறுபடி அழைத்தாள்.

எடு. எடுடீ.

மூன்று பேரும் வெறுங்காலோடு படியிறங்கினார்கள். தமயந்தி வீட்டுக்கு ஆட்டோவில் இருபது நிமிடம்.

இப்போது மணி இரண்டே கால்.