அவருக்குத்தான் மூச்சு வாங்குது

"டாக்டரம்மா, இவரைக் கேட்டா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வார். என்னைக் கேளுங்க!"

நாற்காலியில் உட்காரும் முன்பே தலைமையாசிரியை ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் தையல்காரரான அவருடைய கணவர், வீட்டுப்பாடம் எழுதாத பையனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க, என்ன தொந்தரவு?"

"மூச்சு! எங்க வீடு நாலாவது மாடி. ஒவ்வொரு மாடியிலயும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுடறார். 'இரும்மா, ரெண்டு நிமிஷம்'னு கெஞ்சறார். நானும் பையைத் தூக்கிக்கிட்டுக் கூடவே நிக்கணும். கடைத்தெருவுக்குப் போனா, கண்ணுல படற பெஞ்சுல எல்லாம் உட்காரணும். இந்த மனுஷரோட எங்கதான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியுது?"

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வாரமா. தட்டையா படுத்தா மூச்சு முட்டுதாம், தலைமாட்டுல மூணு தலையணை. தனியா அப்படிப் படுக்கக் கூச்சமா இருக்காம், எனக்கும் மூணு வாங்கிப் போட்டிருக்கார்! உப்பும் ஆகாதுன்னுட்டார். இவர் ஒருத்தருக்காக வீடே சப்புன்னு சாப்பிடுது."

டாக்டர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"வால்வு கோளாறா இருக்கலாம்மா. வால்வுங்கறது இதயத்துக்குள்ள இருக்கற கதவு மாதிரி. ரத்தம் போனதும் சாத்திக்கணும். சரியா சாத்தலைன்னா ரத்தம் திரும்பி வரும். ஒரே வேலையை இதயம் ரெண்டு தடவை செய்யும். அப்புறம் மூச்சு வாங்கும், கால் வீங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று கணவரை முழங்கையால் இடித்தார் தலைமையாசிரியை.

"சின்ன வயசுல தொண்டைப்புண், காய்ச்சல், மூட்டு வீக்கம்னு படுத்ததுண்டா? சரியா கவனிக்காம விட்டா, பல வருஷம் கழிச்சு அது வால்வுல வந்து நிக்கும்."

தையல்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"இவருக்கு நேத்து சாப்பிட்டதே ஞாபகமிருக்காது! எனக்கு வந்திருக்கு. ஆறாம் வகுப்புல ஒரு மாசம் படுக்கை. அதோட சரி, இன்னிக்கு வரைக்கும் எனக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்லை!" பெருமை பிடிபடவில்லை தலைமையாசிரியைக்கு.

ஸ்கேன் அறையில், படுக்கையைப் பார்த்ததும் தையல்காரர் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நான் மாட்டேன்."

"ஐம்பத்தெட்டு வயசாச்சு. வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"நீ முதல்ல படு. வலிக்கலைன்னு சொன்னா, நான் படுக்கறேன்."

அடம்பிடிக்கும் பிள்ளைகளை முப்பது வருஷமாக வழிக்குக் கொண்டுவந்தவர் தலைமையாசிரியை. தயங்காமல் ஏறிப் படுத்தார். "பாருங்க! நெஞ்சுல சில்லுன்னு எதையோ தடவறாங்க, அவ்வளவுதான். இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

டாக்டர் கருவியை மெதுவாக நகர்த்தினார். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது நிமிஷம் ஆயிற்று.

"மாதிரி காட்டறதுக்கு இவ்வளவு நேரமா டாக்டரம்மா?"

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். "இதோ, ரத்தம் திரும்பி வருது பாருங்க. வால்வு கசியுது. நல்லவேளை, முத்தறதுக்குள்ள வந்துட்டீங்க. சரி பண்ணிடலாம்."

"நான் சொன்னேன்ல, இவருக்கு..." என்று வெற்றியோடு ஆரம்பித்த தலைமையாசிரியை, படுத்திருப்பது யார் என்று உறைத்ததும் வாயை மூடினார்.

"இவருக்கு ஒரு குறையும் இல்லைம்மா. மூணு வாரம் முன்னாடியே தனியா வந்தார். 'என் சம்சாரத்துக்கு மூச்சு வாங்குது, கூப்பிட்டா வரமாட்டேங்கறா'ன்னு அழாத குறை. என்னென்ன செய்யணும்னு என்கிட்ட கேட்டு எழுதிக்கிட்டுப் போனார்."

தலைமையாசிரியை எழுந்து உட்கார்ந்து கணவரை முறைத்தார். "அப்போ மாடிக்கு மாடி நின்னதெல்லாம்?"

"நான் நின்னாத்தானே நீ நிப்பே?" என்றார் தையல்காரர்.