வணிக அறத்துக்கு ஒரு நாற்காலி

"தமிழ்செல்வியா? நம்ம தமிழ்செல்வியா!"

கோதண்டராமன் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எத்தனை தடவை பார்த்தாலும் அதே பேர்தான்.

"ஆமாங்க, உங்ககிட்ட படிச்ச பொண்ணுதான். சந்தோஷப்படுவீங்களா, அதை விட்டுட்டு..." என்றாள் மனைவி கஸ்தூரி.

சந்தோஷமாவது! மனுஷனுக்கு வயிறு பற்றி எரிந்தது.

பின்னே என்ன? திருவண்ணாமலையில் லாட்ஜ் நடத்தும் சகாதேவன், காலேஜுக்குப் பெரிய தொகை கொடுத்து 'வணிக அறம்' என்று ஒரு வருகைப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியிருந்தார். வருஷத்துக்கு ஒருத்தர் வெளியிலிருந்து வந்து, வியாபாரத்தில் நேர்மையைப் பற்றி ஒரு மாசம் பாடம் நடத்த வேண்டும். அதே காலேஜில் காமர்ஸ் துறைத் தலைவராக இருந்து ரிட்டையரான கோதண்டராமன், அந்த முதல் ஆள் தான்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். புதுக் கோட்டு வேறு தைத்தாயிற்று. சகாதேவனும் ஐப்பசியில் வீடு தேடி வந்து பேசிவிட்டுப் போனவர்தான்.

இப்போது தை மாசம், சென்னையிலிருந்து தமிழ்செல்வி வந்து குதிக்கிறாள்.

"டெபிட்டுக்கும் கிரெடிட்டுக்கும் வித்தியாசம் தெரியாம என் கிளாஸ்ல முழிச்சவ. அவ வந்து நேர்மை சொல்லித் தரப் போறாளாம்!"

"நீங்க சொல்லிக் கொடுத்துதானே தேறினா?"

"நீ சும்மா இரு கஸ்தூரி. எல்லார் முன்னாலயும் அவ மூக்கை உடைக்கல, நான் கோதண்டராமன் இல்ல!"

முதல் சொற்பொழிவு அன்று ஹாலில் நிற்க இடமில்லை. தமிழ்செல்வி பேசினாள். நன்றாகவே பேசித் தொலைத்தாள். ஒவ்வொரு கைதட்டலுக்கும் கோதண்டராமனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாராவது கேள்வி கேக்கணும்னா..." என்று அவள் வாய் மூடுவதற்குள் எழுந்துவிட்டார்.

"ஒரே ஒரு கேள்விம்மா. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நம்ம ஊர் லாட்ஜுங்கள்ல ரூம் வாடகையை மூணு மடங்கு ஏத்திடறாங்க. கிரிவலம் வர்ற ஜனம் வேற வழியில்லாம கொடுத்துட்டுப் போகுது. அப்படிச் சேர்த்த காசுல போட்ட நாற்காலியில உக்காந்துக்கிட்டு நேர்மையைப் பத்திப் பேச உனக்குக் கூசலையா?"

முன் வரிசையில் சகாதேவன் முகம் சுண்டிப்போய், ஏதோ சொல்ல எழுந்தார். தமிழ்செல்வி அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினாள்.

"நியாயமான கேள்விதான் சார். இதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

அவ்வளவுதான், பின் வரிசைப் பையன்கள் விசிலடித்தே கூரையைப் பெயர்த்துவிட்டார்கள். கோதண்டராமனுக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று.

கூட்டம் முடிந்ததும் காபி. வலியப் போய் அவள் எதிரில் நின்றார்.

"என்னம்மா, இத்தனை படிச்சும் ஒரு கேள்விக்குப் பதில் வரலையே!"

"உங்களுக்குப் பதில் சொல்ற அளவுக்கு நான் எங்க சார்?" என்று சிரித்தபடி நகர்ந்தாள்.

"சார், கொஞ்சம் இப்படி வாங்க" என்று சகாதேவன் அவரை வராந்தா ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

"என்ன சகாதேவன், கோபமா? உள்ளதைத்தானே சொன்னேன்?"

"கோபமில்ல சார். நான் ஜாஸ்தி வாங்கினது நெசம். அந்த உறுத்தல்லதான் இந்தப் பதவியையே வெச்சேன். இந்தத் தீபத்துக்கு ஒரு பைசா ஏத்தல. முதல்ல உங்க பேரைத்தான் காலேஜுல சொல்லியிருந்தேன்."

"அப்புறம் யார் நடுவுல பூந்து கெடுத்தது? அவளா?"

"அவங்களா! 'எங்க சார் இருக்கும்போது எனக்கு எதுக்கு'ன்னு வரவே மாட்டேன்னுட்டாங்க. காரணத்தைச் சொன்னப்புறம்தான் ஒத்துக்கிட்டாங்க."

"அப்படி என்னய்யா காரணம்?"

சகாதேவன் குரலைத் தாழ்த்தினார்.

"தீபத்தன்னிக்கு என் லாட்ஜுல இடமில்ல. சேலத்துலேருந்து வந்த என் மச்சான் குடும்பம் உங்க வீட்டு மாடியிலதான் தங்குச்சு. ஒரு ராத்திரிக்கு ஒரு மாச வாடகையை வாங்கினீங்களாம். குழந்தைக்குக் குடிக்கத் தண்ணி கேட்டதுக்குத் தனியா காசாம்."

"அது... அது வீட்டு மாடிங்க! ஊர்ல எல்லாரும்தான் விடறாங்க. அதைப் போய் வியாபாரம்னா எப்படி?"

"அதைச் சொல்லத்தான் சார் நான் எழுந்தேன். என்னை உக்கார வெச்சுட்டு, பதில் தெரியாதவங்களாட்டம் நின்னு அந்த விசிலையெல்லாம் வாங்கிக்கிட்டவங்க உங்க ஸ்டூடண்ட்."